சித்தியின் தேர்வு நாளில் நான் ஊற்றிய ஆயில்

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் அப்பா வண்டியோடுதான் இருப்பார். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் அவருக்கு வேலை. ஆறு நாளும் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு ஏழாம் நாளும் இரும்பையே துடைத்துக்கொண்டிருப்பதில் என்ன சுகமோ என்று அம்மா அலுத்துக்கொள்வாள். வண்டியைக் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, கடைசியாக எஞ்சினின் வலப்பக்கத்தில் இருக்கும் சின்னக் கண்ணாடி வட்டத்தைக் குனிந்து பார்ப்பார். ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும் அது. அதன் ஓரத்தில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஆயில் இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். இறங்கியிருந்தால் மூடியைத் திருகித் திறந்து, புனல் வைத்துக் கொஞ்சம் ஊற்றுவார். எத்தனையோ ஞாயிறுகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று பதினோரு வயதில் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் சித்தி எங்களோடு இருந்தாள். அம்மாவின் தங்கை. சங்கரன்கோவிலிலிருந்து வந்து, தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி சேலை விரித்துக் காட்டும் வேலை. வீட்டுக்கு வந்ததும் கால்களை வெந்நீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிப்பாள். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீடு ஒரே அறை. அவள் படிக்கிறாள் என்று நாங்கள் டிவியைச் சத்தமில்லாமல் பார்த்துப் பழகியிருந்தோம். ஊரில் தாத்தா ஒரே ஒரு தடவைக்குத்தான் சம்மதித்திருந்தார். இந்தத் தேர்வு ஆகவில்லையென்றால் ஊருக்கு வந்து, அவர் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அப்படித்தான் பேச்சு.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நங்கநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். ஒன்பது மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். அம்மா அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள். அன்று அவளுக்குக் காலை ஷிஃப்ட். என்னைத் தனியாக விட முடியாது என்பதால் நானும் வண்டியில் போவதாக ஏற்பாடு. முந்தின நாள் இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்திருந்த அப்பா ஏழரை வரை எழுந்திருக்கவில்லை. சித்தி கண்ணை மூடிக்கொண்டு எதையோ மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்றைக்குப் பார்த்து யாரும் ஆயில் பார்க்கவில்லையே என்று எனக்குக் கவலை வந்துவிட்டது.

வண்டி சந்தில் சைடு ஸ்டாண்டில் நின்றது. நான் குனிந்து கண்ணாடியைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. கீழ்க்கோடு வரைகூட ஆயில் இல்லை. எனக்குத் திக்கென்றது.

அப்பா எப்போதும் வண்டியை நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டுப் பிறகுதான் பார்ப்பார். அது அவருடைய உட்காரும் வசதிக்காக என்று நான் நினைத்திருந்தேன். இடப்பக்கம் சாய்ந்து நிற்கும் வண்டியில் ஆயிலும் இடப்பக்கம் ஒதுங்கிவிடும், வலப்பக்கக் கண்ணாடியில் தெரியாது என்பது தோன்றவே இல்லை. தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் இருந்த ஆயில் டப்பாவை எடுத்து வந்து ஊற்றினேன். பார்த்தேன். தெரியவில்லை. இன்னும் ஊற்றினேன். அரை டப்பாவுக்கு மேல் இருந்தது முழுவதும் தீர்ந்த பிறகுதான் கண்ணாடியின் அடியில் ஒரு கறுப்புக் கோடு எட்டிப் பார்த்தது. அப்பாடா என்று மூடியைத் திருகி, சிந்தியதைப் பாவாடையிலேயே துடைத்துக்கொண்டேன். சித்தி தேர்வுக்கூடத்துக்குள் போன பிறகு அப்பாவிடம் சொல்லிப் பாராட்டு வாங்குவதாகத் திட்டம்.

எட்டு மணிக்குக் கிளம்பினோம். நடுவில் நான், பின்னால் சித்தி, எங்கள் இருவருக்கும் இடையில் பிளாஸ்டிக் உறைக்குள் அவளுடைய ஹால் டிக்கெட். அடையாறு பாலம் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. சர்தார் பட்டேல் சாலையில் அப்பா இரண்டு மூன்று முறை ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பார்த்தார்.

"என்ன, வண்டி இழுக்க மாட்டேங்கு."

கிண்டி தாண்டியதும் பக்கத்தில் வந்த ஒருவர் கையை ஆட்டினார். "நைனா, பின்னாடி ஒரே பொகையா வந்துக்கினு கீது, பாரு."

திரும்பிப் பார்த்தேன். சித்தியின் முகத்துக்குப் பின்னால் சாலையே தெரியவில்லை, வெள்ளையாக இருந்தது. கத்திப்பாரா மேம்பாலம் ஏறுவதற்குச் சற்று முன்னால் வண்டி இரண்டு தரம் குலுங்கி நின்றுபோனது.

எட்டு இருபத்தைந்து.

"நான் ஆட்டோல போயிரட்டுமா, அத்தான்?"

"இரும்மா, அஞ்சு நிமிசம். என்னன்னு பாத்துருதேன்."

தன் கையால் கொண்டுபோய் விட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அவர் வண்டியை ஓரமாகத் தள்ளி நடு ஸ்டாண்டில் நிறுத்தினார். உடனே பார்க்கக் கூடாது, ஆயில் கீழே இறங்க வேண்டும் என்று காத்திருந்தார். அந்தச் சில நிமிடங்கள் சித்தி கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றதை நான் பார்த்தேன். பிறகு அப்பா குனிந்தார். கண்ணாடி வட்டம் முழுக்கக் கறுப்பு. கோடே தெரியவில்லை.

"இவ்வளவு ஆயிலா? எப்படி?" என்று தனக்குத்தானே சொன்னார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

அப்பா ஸ்பேனரை எடுத்து, எஞ்சினுக்கு அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றினார். கொதிக்கும் ஆயில் அவர் விரல்களில் வழிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, வெட்டிய தண்ணீர் பாட்டிலில் பிடித்தார். போல்ட்டை முடுக்கி, கண்ணாடியைப் பார்த்தார். இன்னும் மேல்கோட்டுக்கு மேலேயே நின்றது. மறுபடி கழற்றி, மறுபடி பிடித்து, மறுபடி பார்த்தார். இந்த முறை சரியாக நடுவில் நின்றது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அது ஆயிலில் குளித்திருந்தது. கைக்குட்டையால் துடைத்து மாட்டி உதைத்தார். வண்டி இருமியது, பிடிக்கவில்லை. மறுபடி உதைத்தார்.

எட்டு நாற்பத்து மூன்று.

நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். கையில் ஸ்பேனர் இருந்தது.

"யாரு ஊத்துனது?"

அப்பா அடிக்கடி அடிப்பவர் அல்ல. அடிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். சித்தி முதலில் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் பாவாடையில் இருந்த கறையை. என்னை மெதுவாகத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நாந்தான் அத்தான். காலையில பாத்தேன், ஆயில் இல்லாத மாதிரி இருந்துச்சு. ஊத்திட்டேன்."

மைத்துனியைத் திட்டி அப்பாவுக்குப் பழக்கமில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சாலையின் நடுவுக்கே போய் ஆட்டோக்களை மறித்தார். மூன்றாவது ஆட்டோக்காரர் நின்றார். "நங்கநல்லூரா? சுத்திக்கினு போவணும் சார்" என்று இழுத்தவர், சித்தி கையிலிருந்த ஹால் டிக்கெட்டைப் பார்த்ததும், "பரீட்சையா? குந்தும்மா, குந்து" என்றார். என்னையும் ஏற்றிவிட்டார் அப்பா.

ஆட்டோவில் சித்தி ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம். நான் பாத்துக்கிடுதேன், என்னா?" நான் தலையாட்டினேன். எனக்கு வந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. காற்று முகத்தில் அடித்தது நன்றாக இருந்தது என்றுகூட நினைவிருக்கிறது.

பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோது ஒன்பது மூன்று. கேட் மூடியிருந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் இன்னும் நாலைந்து பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்ற போலீஸ்காரம்மாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். "என் கையில ஒண்ணுமில்லம்மா" என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சித்தி கெஞ்சவில்லை. எதிரே பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படியில் போய் உட்கார்ந்தாள். ஒன்பதரைக்கு உள்ளே மணி அடித்தது. அப்போது மட்டும் என் கையை வலிக்கும்படி இறுக்கிப் பிடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் அப்பா வந்து சேர்ந்தார். வண்டியில் புகை இல்லை, திணறல் இல்லை, ஷோரூமிலிருந்து எடுத்துவந்ததுபோல் ஓடியது. படியில் எங்களைப் பார்த்ததும் எஞ்சினை நிறுத்தினார். கொப்புளம் கிளம்பிய விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டே வெகுநேரம் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அப்பா அம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். சித்தி தெரியாமல் ஊற்றிவிட்டாள் என்றுதான் சொன்னார். அம்மா தாத்தாவுக்கு ஃபோன் செய்தபோது அந்தத் 'தெரியாமல்' எங்கோ விழுந்துவிட்டது. ஊரில் அது அத்தை வாய்க்கும் பெரியம்மா வாய்க்கும் போய்த் திரும்பி வந்தபோது, படித்தது மண்டையில் ஏறாததால் தேர்வுக்குப் போகப் பயந்து சித்தியே வேண்டுமென்று வண்டியைக் கெடுத்துவிட்டாள் என்று ஆகியிருந்தது. அப்பா மட்டும் இன்னொரு தடவை எழுதட்டும் என்று பேசிப் பார்த்தார். "அவளுக்கே இஷ்டமில்ல மாப்ளே, நீங்க ஏன் கெடந்து மல்லாடுதீய?" என்றார் தாத்தா. ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. சித்தி பக்கத்தில் உட்கார்ந்து என் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் ஒரு கணம் நின்றன. நான் பேசுவேன் என்று எதிர்பார்த்தாளா, பேசிவிடுவேனோ என்று பயந்தாளா, தெரியாது. பிறகு விரல்கள் மறுபடி நகர்ந்தன.

ஆவணியில், மாப்பிள்ளையின் ஊரான கோவில்பட்டியில் கல்யாணம். எனக்குப் பட்டுப்பாவாடை எடுத்தார்கள். பந்தியில் இரண்டு தடவை ஜாங்கிரி கேட்டு வாங்கினேன். மாப்பிள்ளை வீட்டுக் காரில் ஏறுவதற்கு முன் சித்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மாவைவிட, தாத்தாவைவிட என்னிடம்தான் அதிக நேரம் அழுதாள். பக்கத்தில் நின்ற அத்தை, கல்யாணப் பெண் என்றால் அழத்தான் செய்வாள் என்று சொல்லி என் கையைப் பிரித்துவிட்டாள். நானும் அதற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.