நானே வரைந்த தலைப்புப் பட்டை

தொண்ணூறுகளில் ஏற்காட்டில் ஒரு பள்ளி நூலகத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். சேலத்து வேலையை விட்டுவிட்டு, வெள்ளக்கடை போகும் சாலையில் ஓர் எஸ்டேட் வீட்டில் தனியாக இருந்த காலம். பால்காரரிடம் பேசும் இரண்டு வார்த்தையோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

அன்றைய கணிப்பொறி, திரையில் திறக்கும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தலையில் தானே ஒரு பட்டை போட்டுப் பெயர் எழுதும். அதில் தமிழ் வராது. எழுதினால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகச் சிதறிக் கிடக்கும். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பட்டையை எடுத்துவிட்டு நானே ஒரு நீலப் பட்டை வரைந்து, 'நூலகம்' என்று தமிழில் எழுதினேன். மற்ற ஜன்னல்களில் இருந்தது போலவே, மூடுவதற்கான கட்டத்தை இடது மூலையில் வைத்தேன். மூன்று வாரம் பிடித்தது. முடித்த அன்று கூப்பிட்டுக் காட்ட ஒருவரும் இல்லை.

அடுத்த வருடம் பள்ளிக்குப் புதுக் கணிப்பொறி வந்தது. நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த, ஐம்பதை நெருங்கிய ஓர் அம்மா, எஸ்டேட் ஆபீஸ் போனில் என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க மேடம், சாயங்காலம் பதிஞ்சது காலையில இருக்கறதில்லீங்க.”

மழையில் நடந்தே போனேன். செய்து காட்டச் சொன்னேன். நாலு புத்தகங்களைப் பதிந்தார். பிறகு அம்புக்குறியை வலது மூலைக்குக் கொண்டுபோய் அழுத்தினார். புதுக் கணிப்பொறியில் எல்லா ஜன்னலுக்கும் மூடும் பெருக்கல் குறி அங்கேதான். என் பட்டையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்துவிட்டு, சுவிட்சையே அணைத்தார். மூடும்போதுதான் சேமிக்கும்படி நான் எழுதியிருந்தேன்.

“தப்பு என்னோடதுங்கக்கா.”

“எனக்குத்தான் தெரியலியோன்னு யாருகிட்டயும் சொல்லலீங்க. ஒரு வாரமா அதையே மறுக்கா மறுக்கா பதிஞ்சிட்டிருந்தேன்.”

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து என் பட்டையை அழித்தேன். எந்தக் கணிப்பொறியோ, அதுவே தன் வழக்கப்படி பட்டை போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டேன். தமிழ்ப் பெயர் கீழே, ஜன்னலுக்குள் போனது. ஒவ்வொரு பதிவும் உடனே சேமிக்கும்படி மாற்றினேன். பழைய கணிப்பொறியிலும் புதியதிலும் அவரே திறந்து மூடிப் பார்த்தார்.

“இப்ப மத்ததாட்டமே இருக்குதுங்க,” என்றார். பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். “தனியாவா இருக்கறீங்க?”

“ஆமாங்க.”

“ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சதும் ஊட்டுக்கு வாங்க. சாப்புட்டுப் போலாம்.”

வருகிறேன் என்றேன். ஞாயிறன்று சேலை மாற்றிக்கொண்டு வாசல் வரை வந்தேன். அங்கே போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை. போகவில்லை. மென்பொருள் அதன் பிறகு ஒரு கோளாறும் இல்லாமல் ஓடியது. அவர் என்னைக் கூப்பிடவும் இல்லை.