சட்டையில் தைத்த சங்கு

1940களில் தூத்துக்குடிக் கடலில் நான் சங்கு குளித்தேன். நான் மூழ்கியதும் தோணியில் கயிறு பிடித்து நிற்பவன் சவரிமுத்து. நின்றபடியே அவனுக்குக் கண் சொருகும். "ஏலே, சாராயமா?" என்று தினமும் ஏசுவேன். திடீரென்று பத்து நாளாக அவன் தோணியில் தூங்கவே இல்லை. என் ஏச்சில் திருந்திவிட்டான் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஒரு மாலை அவன் வீட்டுக்குப் போனேன். கொடியில் காய்ந்த அவன் சட்டையின் முதுகில் ஒரு சங்கு வைத்துத் தைத்திருந்தது. எடுக்கும் சங்கெல்லாம் சர்க்காருக்குச் சொந்தம். "திருட்டுப் பயலே!" என்று தெருவே கேட்கக் கத்தி, தையலைச் சட்டையோடு சேர்த்துக் கிழித்தேன். கையில் விழுந்தது, பூச்சி அரித்ததென்று, சங்குகளைத் தரம் பிரித்துச் சேர்த்து வைக்கும் கிட்டங்கியில் கழித்துப் போட்ட ஓட்டைச் சங்கு.

அவன் மனைவி ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, மல்லாந்து படுத்தா இவுகளுக்குக் குறட்டைக்கு நடுவுல மூச்சே நின்னுபோவுது. ராத்திரி உறக்கமில்லாமதான் பகல்ல கண் சொருகுது. ஒருக்களிச்சுப் படுக்கணும்னு கம்பவுண்டர் சொன்னாரு. புரண்டா குத்தட்டும்னு நாந்தான் தச்சேன். கிழிச்சிட்டீகளே, இன்னைக்கு எதைப் போட்டு உறங்குவாக?"

சவரிமுத்து கிழிந்த சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மடித்தான். மறுநாள் சிவந்த கண்களோடு வந்து கயிற்றைப் பிடித்தான். ஆழத்தில் எனக்கு மூச்சு முட்டியது. கயிற்றை அசைத்த கணமே இழுத்துவிட்டான்.

மேலே வந்த எனக்கு அவன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. அத்தனை வருஷம் என் மூச்சைக் காத்தவன் அவன். நீ ஏன் தூங்குகிறாய் என்று நான் ஒருநாளும் அவனைக் கேட்டதில்லை.