படிக்காமல் விட்ட பக்கம்

அமெரிக்காவில் இருக்கும் மகள் அங்கே குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கிறாள். தினமும் காலையில் திருப்பதியிலிருந்து போனில் நான் கேள்வி கேட்க வேண்டும்.

"அரசாங்கத்தில் ஒரு பிரிவின் கை மட்டும் ஓங்கிவிடாமல் தடுப்பது எது?"

"ஒருத்தர் செய்றத இன்னொருத்தர் பார்த்துக்கினே இருக்கணும்மா. அவ்ளோதான்."

பஞ்சாயத்துத் தீர்மானப் புத்தகத்தின் பசை நாற்றம் சட்டென்று மூக்கில் ஏறியது.

ஆந்திராவில், குடிபாலாவுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நைனா, அதாவது என் அப்பா, வார்டு மெம்பர். தீர்மானமெல்லாம் தெலுங்கில் இருக்கும். அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். மற்ற மெம்பர்கள் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நைனா மட்டும் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்து, தெலுங்குப் பள்ளியில் படித்த என்னை ஒரு வரி விடாமல் தமிழில் சொல்லச் சொல்வார்.

அன்று சித்தூருக்குச் சினிமா பார்க்கக் கிளம்பியிருந்தேன். பஸ் ஹாரன் கேட்டது. கடைசிப் பக்கத்தை நான் படிக்கவே இல்லை.

"எல்லாம் சரியா கீது நைனா."

"முழுசா பட்ச்சியா?"

"பட்ச்சேன்."

கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம், ஊர் மாடுகள் மேய்ந்த புறம்போக்கைச் சுற்றிப் பஞ்சாயத்துத் தலைவரின் மச்சான் கம்பிவேலி போட்டான். நிலத்தை அவனுக்கு விடும் தீர்மானம் அந்தக் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஊரே வந்து கேட்டது.

"நான்தான் சரியா கேட்டுக்கல," என்றார் நைனா. சாகும்வரை என் பெயரை எடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

"போதும்மா, மீதிய நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றாள் மகள்.

"இன்னும் ஒரு பக்கம் கீது. அதையும் முடிச்சிட்டுப் போ."

அதட்டலாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "சரிம்மா, கேளு," என்றாள் அடங்கிய குரலில்.