செவ்வாய்க்குக் காற்றுப் போன கதை

ஊதினால் எழுந்து நிற்கும் கோளரங்கத்தைச் சுருட்டி வேனில் போட்டுக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போகிற எங்கள் தொழிலில், நட்சத்திரங்களைவிட அதிகமாக அண்ணாந்து பார்ப்பது கரண்ட் கம்பியைத்தான். அந்தக் கூடாரத்துக்குள் கம்பு, கயிறு எதுவும் கிடையாது. வெளியே ப்ளோயர் ஓடிக் காற்றை அடைத்துக்கொண்டே இருந்தால் நிற்கும்; ப்ளோயர் நின்றால் படுத்துவிடும். உள்ளே படம் காட்டிக் கதை சொல்வது நான். வேன் ஓட்டுவதும் ப்ளோயரைப் பார்த்துக்கொள்வதும் செல்வராஜ்.

போன வருடம் எனக்கு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. பெண்ணுக்கு வரன் தேடி அலைந்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. என் மகள் தாரணிக்கு ஜாதகத்தில் ஏழில் செவ்வாய். தரகர் மூலம் பெருந்துறையிலிருந்து ஒரு இடம் வந்தது. பையனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போய், போனில் பேசிச் சிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். பையனின் அம்மா மட்டும், ஜோசியரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனவர், மூச்சே விடவில்லை. எனக்குத் தோஷத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் பயம் இருந்தது. அந்தப் பதிலுக்காகக் காத்திருந்த நாட்களில் நான் ஊர் ஊராகக் காட்டிக்கொண்டிருந்த படம், என் கஷ்டகாலம், செவ்வாய் கிரகம் தன் காற்றையும் தண்ணீரையும் எப்படிப் பறிகொடுத்தது என்பதுதான்.

டைனமோ நின்றுபோனது

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். செவ்வாயிலும் ஒரு காலத்தில் ஆறு ஓடியது, ஏரி இருந்தது என்று ஆரம்பித்தேன். அதன் வயிற்றுக்குள் உருகிய இரும்பு டைனமோ மாதிரி சுழன்று, கிரகத்தைச் சுற்றி ஒரு காந்தக் கவசத்தை உண்டாக்கி வைத்திருந்தது. சின்னக் கிரகம், சீக்கிரம் ஆறிப்போனது. டைனமோ நின்றது, கவசம் போனது. சூரியனிலிருந்து ஓயாமல் பாய்ந்து வருகிற துகள்கள் அங்கிருந்த காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போயின என்று சொல்லி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

கும்மிருட்டு. கூரை மெல்ல இறங்கிப் பிள்ளைகளின் தலையைத் தொட்டது. "செல்வராஜ்!" என்று கத்தினேன். அவர்களோ இதுவும் ஷோவில் சேர்ந்தது என்று நினைத்துக் கை தட்டினார்கள். செல்வராஜ் வெளியிலிருந்து ஜிப்பைத் திறந்து ஒவ்வொருவராக வெளியே இழுத்துவிட்டார். கடைசியாக வந்த ஒரு பெண் பிள்ளை தலைமுடியைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்: "ஏனுங் மிஸ், செவ்வாய்லயும் இப்படித்தான் கரண்ட் கட் பண்ணிட்டாங்களா?"

செருப்பை வெளியே விடவும்

உடுமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் அறிவியல் கண்காட்சி. கூடாரத்தின் துணி கிழியக் கூடாது என்பதற்காக வாசலில் எப்போதும், "செருப்பை வெளியே விடவும்" என்று எழுதி வைப்போம். அதற்கு மேலே பெரிய எழுத்தில் "செவ்வாய்" என்று பேனர். இது இரண்டையும் சேர்த்துப் படித்தால் நம் ஊரில் என்ன அர்த்தம் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மஞ்சள் பையில் ஜாதகத்தோடு ஒரு அம்மா வரிசையில் நின்றார். கையில் செவ்வரளி மாலை வேறு. மகளுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, எட்டில் செவ்வாய், வருகிற இடமெல்லாம் தட்டிப்போகிறது என்றார். இது பரிகாரம் செய்கிற இடமில்லை, படம் காட்டுகிற இடம் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவர் பையில் இருந்ததைப் போலவே செவ்வாய் உட்கார்ந்த ஒரு ஜாதகம் என் போனிலும் இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கூடாரத்தை மேலும் கீழும் பார்த்துச் சொன்னார்: "சரி அம்மணி, படம் வேண்டாமுங்க. வெளியாலயே ஒம்பது சுத்து சுத்திப்போட்டுப் போறேன், உங்குளுக்கு ஒண்ணும் தொந்தரவில்லீங்களே?"

எத்தனை அடியில்?

ஆனைமலைப் பக்கம் ஒரு பள்ளி ஆண்டு விழா. காற்று போனதும் தண்ணீர் என்ன ஆயிற்று என்கிற கட்டம். மேலிருந்து அழுத்தக் காற்று இல்லாவிட்டால் தண்ணீரால் தண்ணீராக நிற்க முடியாது. ஆவியாகும், இல்லை உறைந்துபோகும். ஆவியானதை வெயில் உடைக்கிறது. அதிலிருக்கிற ஹைட்ரஜன் லேசானது, பிடித்து வைக்க ஆளில்லாமல் வானத்தில் ஓடிவிடுகிறது. மிச்சம் பாறைக்குள்ளும் மண்ணுக்கு அடியிலும் கிடக்கிறது. இப்படி நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது இடுப்பில் போன் அதிர்ந்தது. பெருந்துறைதான் என்று இருட்டில் தட்டுத்தடுமாறி வெளியே ஓடினேன். வீட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்டார்கள்.

திரும்பி வந்தால், தென்னந்தோப்பு வைத்திருக்கிற ஒரு அப்பா எழுந்து நிற்கிறார். அங்கே தண்ணீர் எத்தனை அடியில் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். சில இடங்களில் மண்ணைக் கொஞ்சம் சுரண்டினாலே பனிக்கட்டி வந்துவிடும் என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பிச் சொன்னார்: "நம்ம தோப்புக்கு அது எவ்வளவோ தேவலை மாப்ள, நமக்கு ஆயரம் அடி எறக்கியும் புழுதிதான பறக்குது!"

செல்வராஜின் புகார்

நாளாக ஆக என் கதையின் தொனியே மாறிவிட்டது. "அது செத்துப்போன கிரகம், அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ய முடியாது" என்று எழுதி வைத்ததில் இல்லாத வரியைச் சேர்த்துக்கொண்டேன். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் திருதிருவென்று விழித்தார்கள். வேனில் திரும்பும்போது செல்வராஜ் ரொம்பத் தயங்கிச் சொன்னார்: "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க கதை சொல்ற மாதிரியே இல்லீங்க, பங்காளிச் சண்டைக்குப் போற மாதிரி இருக்குதுங்க."

பெருந்துறை

அதே பெருந்துறையில் ஒரு பள்ளி கூப்பிட்டது. ஞாயிற்றுக்கிழமை, பெற்றோர், பொதுமக்கள் யாரும் வரலாம் என்றார்கள். ஜிப்பைத் திறந்து ஆட்களை உள்ளே விட்டுக்கொண்டிருந்தபோது, குனிந்து நுழைந்தவர்களில் ஒருவர் பையனின் அம்மா. "அத்தை நடத்துற ஷோம்மா, ஒருக்கா போய்ப் பாரு" என்று பையன்தான் அனுப்பியிருக்கிறான். அவன் மேல் எனக்குப் பொங்கிக்கொண்டு பாசம் வந்தது.

அன்றைக்குச் சொன்ன மாதிரி நான் என்றைக்கும் சொன்னதில்லை. சண்டை போடவில்லை. கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் சூடு போய், கவசம் போய், காற்றும் ஆறும் ஏரியும் போய், துருப்பிடித்த மண்ணோடு அது தன்னந்தனியாகச் சுற்றிக்கொண்டிருப்பதைக் காட்டினேன். பாவப்பட்ட கிரகம், அதற்கே நாதியில்லை என்றேன். இருட்டில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவர்தான்! எனக்கு உயிர் வந்தது. தாரணிக்கு அப்போதே போன் செய்துவிடலாமா என்றிருந்தது.

ஷோ முடிந்து வெளியே வந்தவர், செருப்பை மாட்டிக்கொண்டு, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பொய்யில்லாத, மனசார வந்த வருத்தம் அது. சொன்னார்: "நல்லாச் சொன்னீங்க, எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. காத்தப் பறிகொடுத்து, தண்ணியப் பறிகொடுத்து, அத்துவானத்துல அனாதையாக் கெடக்குது. ஆனா ஏனுங்க, அத்தனையும் பறிகொடுத்தவன் வயித்தெரிச்சல் நம்மளச் சும்மா உடுமுங்களா?"

சாயங்காலமே தரகர் போன் செய்து, வேறு இடம் பார்க்கலாம் என்றார். தாரணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் அவளுக்குக் கேட்காமல் அழுதேன்.

ஆக, செவ்வாய் தன் காந்தத்தை இழந்தது, காற்றை இழந்தது, தண்ணீரையும் இழந்தது. எங்கள் பக்கம் அதற்கு இருக்கிற செல்வாக்கில் மட்டும் இன்றுவரை ஒரு துளி குறையவில்லை.