கறுப்புப் பூச்சுக்கு அடியில்

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வேனில் வரும் பிள்ளைகள் 'வேன் அக்கா' என்று கூப்பிட்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து ஏற்றிவிடும் அப்பா அம்மாக்களுக்கும் அதுவே வாயில் வந்தது. கடைசியில் பல் டாக்டரின் வரவேற்பறையில்கூட, "வேன் அக்கா, அடுத்து நீங்க" என்றுதான் அழைத்தார்கள். ஐம்பதை நெருங்கியும் இன்னமும் அக்காதான் என்பதில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

வேனுக்கு முன்னால் பால் வண்டி ஓட்டினாள், சலவைக் கம்பெனி வண்டி ஓட்டினாள். எதை ஓட்டினாலும் முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒரு பாரம், ஏதோ ஒரு சத்தம். வேனில் கேட்கவே வேண்டாம். ஒருத்தன் இன்னொருத்தியின் ரப்பரைப் பிடுங்கியிருப்பான். ஒருத்தி வாந்தி வருகிறது என்பாள். வண்டியை ஓரங்கட்டினால் வராது, கிளப்பினால் வந்துவிடும். ஒருநாள் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள்: "எனக்குன்னு ஒரு கார் வேணும். பின் சீட்டுல ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது."

கணவருக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை. விரல் நுனியில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டே, "வாங்கேன், யாரு வேண்டாம்னா?" என்றார். சும்மா சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

கடைசிப் பிள்ளையை இறக்கிவிடும் தெருவில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. எப்போதும் பூட்டியே கிடக்கும். ஒருநாள் சாயங்காலம் திறந்திருந்தது. உள்ளே பழைய காலத்துக் கார். உருண்டை விளக்குகள், இரண்டே கதவு, கவிழ்த்துவைத்த கிண்ணம் போலக் கூரை. பெயின்ட் கிடையாது, சாம்பல் நிற பிரைமர் மட்டும். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பள்ளம். பக்கத்தில் ஒரு மரப்பெட்டிக்குள் புது மாடல் கார் ஒன்றிலிருந்து கழற்றிய எஞ்சின் உட்கார்ந்திருந்தது. சுவரோரம் கூரைவரை அட்டைப்பெட்டிகள்.

கார்க்காரர் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"விக்கப் போறீங்களாண்ணா?"

"வித்துத்தான் ஆகணும். மக வீட்டோட போயிடறேன். நாலாவது மாடி, கார் வைக்க இடமில்ல. கூத்து என்னன்னா, அங்க லிஃப்ட்டும் இல்ல."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. பிறகு வண்டியைச் சுற்றிக் காட்டினார். பழைய உடம்பு அப்படியே இருக்கும், உள்ளே இருப்பதெல்லாம் இந்தக் காலத்து வண்டியுடையதாக மாறும், அதுதான் திட்டம். பாதியில் நிற்கிறது.

"வந்தவங்க எல்லாரும் எஞ்சினை ஓட்டிக் காட்டுங்கிறாங்க. நான் எஞ்சின் பக்கம் இன்னும் வரவே இல்லம்மா. துருப்பிடிச்ச தரையை முழுசா வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு போட்டேன். அப்புறம் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். எல்லாம் அடியில இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. லிஃப்ட் வேலையில மேல போறதைப் பத்தி நாங்க கவலைப்பட மாட்டோம். நிக்க வேண்டிய இடத்துல நிக்கணும். அதான் முதல் வேலை."

அக்காவுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. அன்றைக்கே மனசுக்குள் வண்டியை வாங்கிவிட்டாள்.

அவளுடைய தம்பி பழைய கார் வாங்கி விற்கும் புரோக்கர். மறுநாள் அவனைக் கூட்டிவந்து காட்டினாள். அவன் கதவைத் தட்டினான், பெட்டிகளைப் பார்த்தான், அவளைத் தனியே தள்ளிக்கொண்டு போனான்.

"அக்கா, இது கார் இல்ல, காயலான் கடை. இந்த மாதிரி வண்டிக்கு ரெஸ்டோமாட்னு பேரு."

"என்னடா, இருமல் மருந்து மாதிரி இருக்கு?"

"மருந்துதான். வாங்கினவனுக்குத் தூக்கம் வராது. ஒருத்தன் பாதியில விடறான்னா சும்மா விடுவானா?"

"வீடு மாறிப் போறார்டா."

"விக்கிறவங்க எல்லாரும் வீடு மாறித்தான் போவாங்க."

அவன் சொல்லி அவள் என்றைக்குக் கேட்டாள்? சேர்த்துவைத்ததை எடுத்துக் கொடுத்து வாங்கிவிட்டாள். இழுவை வண்டி வந்து காரை ஏற்றியபோது லிஃப்ட்காரர் சட்டை நுனியால் ஸ்டியரிங்கைத் துடைத்துவிட்டார்.

கார் தம்பிக்குத் தெரிந்த ஒர்க்ஷாப்புக்குப் போயிற்று. அந்த மெக்கானிக்குக்குத் தொழில் வட்டாரத்தில் 'ஆனா' என்று பெயர். எதைச் சொன்னாலும் பின்னால் ஓர் 'ஆனா' வரும். டார்ச் அடித்துக் காருக்கு அடியில் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"வெளித்தகடு தேவலாம். ஆனா அடியில இவ்வளவு கனமாக் கறுப்புப் பூச்சு அப்பியிருக்காங்களே, அதுதான் இடிக்குது. துருவை மறைக்கத்தான் இப்படி அப்புவாங்க. உள்ள தகடு இருக்கா, வெறும் பட்டி வெச்சு அடைச்சிருக்கானு சுரண்டினாத்தான் தெரியும். கை நிறைய வேலை இருக்கு, சனிக்கிழமை வாங்க."

'நான் அப்பவே சொன்னேனே' என்பது தம்பியின் பார்வையிலேயே இருந்தது. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

சனிக்கிழமை வருகிறவரை அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பணம் போனால் போகிறது, இன்னும் நாலு வருஷம் கூடுதலாக வேன் ஓட்டலாம். அந்த லிஃப்ட்காரர் முகத்தை நினைத்தால்தான் தாங்கவில்லை. 'நிக்க வேண்டிய இடத்துல நிக்கணும்' என்றாரே, அதை எத்தனை பேரிடம் சொல்லிப் பழகியிருப்பார்? கேட்டுவிட்டு உருகி நின்றோமே! தினமும் எத்தனை பெற்றோரைப் பார்க்கிறோம், யார் எப்படி என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவோம் என்றிருந்த நினைப்பு ஆட்டம் கண்டுவிட்டது. ஃபோன் செய்து கேட்டுவிடலாமா என்று எடுத்தாள். என்னவென்று கேட்பது? வைத்துவிட்டாள்.

அட்டைப்பெட்டிகள் மட்டும் வீட்டுக்கு வந்திருந்தன. கணவர் அவற்றைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கென்னவோ அந்த ஆளு ஏமாத்துவார்னு தோணல."

"நீங்க அவரைப் பாத்ததே இல்லையே."

"சாமானைப் பாத்தேன். ஒவ்வொரு போல்ட்டையும் எண்ணெய்த் துணியில தனித்தனியாச் சுத்தி வெச்சிருக்கார். ஏமாத்தறவனுக்கு இவ்வளவு பொறுமை ஏது?"

அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது, அரைமணி நேரத்துக்கு.

சனிக்கிழமை கணவரும் கூட வந்தார். காரை ராம்ப்பில் ஏற்றித் தலைக்கு மேல் தூக்கினார்கள். மெக்கானிக் சுரண்டியைக் கையில் எடுத்ததுமே அக்கா வெளியே வந்துவிட்டாள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றாள். உள்ளே கரகரவென்று சத்தம். நின்றது. வேறு இடத்தில் மறுபடி கரகர. பிறகு சுத்தியலால் தட்டுகிற சத்தம். ஒவ்வொரு தட்டும் அவள் நெஞ்சில் விழுந்தது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. பேச்சுக்குரல்கூட இல்லை.

"அக்கா, உள்ள வா" என்றான் தம்பி. குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

போனாள். கறுப்புக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று தகடு. தள்ளி இன்னொன்று. பின் சக்கரத்துக்கு மேலே, வழக்கமாக முதலில் இற்றுப்போகிற மூலையில் இன்னொன்று. பட்டி இல்லை, துரு இல்லை. வெல்டிங் கோடு, சட்டைக்குத் தையல் போட்ட மாதிரி நேராக ஓடியது. மெக்கானிக் ஸ்பேனரால் தட்டினார். கணீர் என்றது.

தம்பியின் நெற்றியெல்லாம் கரி. "பிரேக் பைப் அத்தனையும் புதுசுக்கா. டிஸ்க்கும் இருக்கு. நாலு சக்கரத்துலயும்."

"நல்ல வண்டி" என்றார் மெக்கானிக்.

எல்லாரும் காத்திருந்தார்கள். 'ஆனா' வரவில்லை.

அக்கா அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கைச் சிந்தினாள், மறுபடி சிரித்தாள். கணவர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். பாதியைக் குடித்துப் பாதியை முகத்தில் அடித்துக்கொண்டாள். அங்கிருந்தபடியே லிஃப்ட்காரருக்கு ஃபோன் போட்டாள். அவருக்கு மூச்சு வாங்கியது, படியேறிக்கொண்டிருந்தாராம்.

"அண்ணா, மன்னிச்சுக்கோங்க. அடியில சந்தேகமா இருக்குன்னு சுரண்டிப் பாத்துட்டோம்."

"சரி."

"நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்துது."

"அது இருக்கும். சுரண்டின இடத்துல மறுபடி பூச்சு அடிச்சாச்சா? தண்ணி பட்டா துரு ஏறிடும்."

"கோவம் இல்லையாண்ணா?"

"சுரண்டாம எடுத்திருந்தாத்தான் நான் கவலைப்படணும். பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறவங்க நீங்க. நானே சுரண்டிக் காட்டியிருப்பேன். போட்ட கையாலயே சுரண்ட மனசு வரல, அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் அக்கா ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகும் வேலை லேசில் முடிந்துவிடவில்லை. எஞ்சினை உட்கார வைக்கத் தாங்கிகளை வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. வயரிங் முடிந்த அன்று இண்டிகேட்டரைப் போட்டால் வைப்பர் ஆடியது. ஆனால் எந்தத் தொல்லையும் அவளைப் பழையபடி ஆட்டிவைக்கவில்லை. அஸ்திவாரம் சரி, மற்றதெல்லாம் கைவேலை என்று தெரிந்துவிட்டதே. அடர்பச்சை பெயின்ட் அடித்தார்கள். சோதனைக்கு வந்த அதிகாரி இரண்டு முறை பிரேக் போடச் சொன்னார். மூன்றாவது முறை சொல்லவில்லை, கையெழுத்துப் போட்டார். தம்பி இப்போது, "எங்க அக்கா எடுத்த வண்டி, நான்தான் கூட இருந்து பாத்தேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

கதவின் உள்பக்கத்துக்கு இன்னும் துணி ஒட்டவில்லை, வெறும் தகடு தெரிகிறது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு மாதமும் சொல்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும் சாலையில் ஓட்டினாள். வெயில் தணிந்திருந்தது, ஜன்னல் வழியே காற்று. வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய முனை வந்தபோது பக்கத்தில் பார்த்தாள். கணவர் வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் இருந்த மூக்குக்கண்ணாடி நழுவி விழப்பார்த்தது. அதை எடுத்து முன்தட்டில் வைத்தாள். திரும்பாமல், கியரைக்கூட மாற்றாமல், நேராக ஏரியை இன்னொரு சுற்றுச் சுற்றப் போனாள்.