நூற்று நாற்பது தலைவர்கள்

மலேசியாவின் பத்து பகாட் நகரத் துணி ஆலையின் சாயப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் நின்ற சந்திரமதியை இந்த ஆண்டுதான் கிடங்குக்கு மாற்றினார்கள். அதே சமயம், ஆலையின் உள் இணையதளத்தில் ஒவ்வொருவரும் தம் பெயருக்குக் கீழே தம் திறமையை எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. மனிதவளப் பிரிவின் ஷாமளா ஒரு மாதிரியும் அனுப்பினார்: 'தலைமைப் பண்பு, குழுவாகப் பணியாற்றுதல்.' நூற்று நாற்பது பேர் அதையே அப்படியே ஒட்டினார்கள். சந்திரமதி மட்டும், 'கனமழைக்குப் பின் கறுப்புச் சாயம் பச்சை நிறம் காட்டினால் சரிசெய்வேன்' என்று எழுதினார்.

"அக்கா, இப்படியெல்லாம் போட முடியாது லா. மாதிரியப் பாத்து மாத்துங்க," என்றார் ஷாமளா.

"தெரிஞ்சத எழுதச் சொன்னீங்க, எழுதிட்டேன். தெரியாதத எழுத மாட்டேன்."

நவம்பரில் மூன்று நாள் விடாத மழை. சிங்கப்பூருக்குப் போக வேண்டிய கறுப்புத் துணி முழுக்கப் பச்சை நிறம் காட்டியது. புது மேனேஜர் ஆலையின் உள் இணையதளத்தில் 'கறுப்புச் சாயம்' என்று தேடினார். ஒரே ஒரு பெயர் வந்தது.

ஷாமளாவே கிடங்குக்கு ஓடி வந்தார். சந்திரமதி நிதானமாகக் கையுறையை மாட்டிக்கொண்டார்.

"மழையில தொட்டித் தண்ணி மாறியிருக்கும், முதல்ல அதப் பாக்கணும். அந்த நூத்தி நாப்பது தலைவர்களையும் கொஞ்சம் ஒதுங்கி நிக்கச் சொல்லுங்க."