சம்பத் அப்பா

திருநின்றவூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே எத்திராஜுக்கு ஒரு சைக்கிள் ஸ்டாண்டு இருந்தது. தகரக் கூரை, சுற்றிலும் கயிறு, வாசலில் ஒரு மர ஸ்டூல், அவ்வளவுதான். காலையில் பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் மூச்சு வாங்க மிதித்து வருவார்கள். ரயில் சத்தம் கேட்டுவிட்டால் யாருக்கும் பொறுமை கிடையாது. "சம்பத் அப்பா, பாத்துக்கோ!" என்று சைக்கிளை அவர் மேலேயே சாய்த்துவிட்டு ஓடுவார்கள்.

எத்திராஜ் என்று அவருக்கு ஒரு பெயர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. மகன் சம்பத் படிப்பை முடித்துவிட்டு அவரோடு ஸ்டாண்டில் நின்றவன். வாய் ஓயாது அவனுக்கு. வருகிறவன் போகிறவன் எல்லாரையும் கிண்டல் செய்து சிநேகம் பிடித்து வைத்திருந்தான். எண்பத்து மூன்றாம் வருஷம் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரியிலும் சேர்த்தார்கள். தங்கவில்லை. மறு வருஷமே அவன் அம்மா ஞானம்மாளும் போய்ச் சேர்ந்தாள். மகள் கஸ்தூரியைக் கோவில்பதாகையில் கட்டிக் கொடுத்தபின் எத்திராஜ் ஒண்டிக்கட்டை. ஆனால் ஸ்டாண்டில் கூப்பிடுகிற பெயர் மட்டும் மாறவில்லை.

தொண்ணூற்றில் கஸ்தூரிக்கு ஆண் குழந்தை பிறந்தது. எத்திராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஸ்டாண்டைப் பெட்டிக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, சாத்துக்குடிப் பையோடு பஸ் ஏறினார். கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பதற்கு முன்னால் பேரன் பிறந்த சேதியைச் சொன்னார். குழந்தைக்குத் தலை நிறைய முடி. அவர் விரலைக் கொடுத்ததும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

"உடும்புப் புடி புடிக்கிறான் பாரு!" என்று ஊரையே கூட்டினார்.

சண்டை ஆரம்பித்தது பெயரில்தான். மருமகன் லோகநாதன் ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டர். அப்பன் வழி பாரிவாக்கத்துப் பழைய குடும்பம்.

"மூத்த புள்ளைக்கு அப்பனைப் பெத்தவரு பேருதான் வைக்கணும். எங்க ஊட்டு வழக்கம் அது. பாரிவாக்கத்துல போயி செங்கல்வராயன் ஊடு எதுன்னு கேளு, நாய்கூட வழி காட்டும்" என்றான் லோகநாதன்.

"அப்போ அந்த நாயையே வந்து பேரு வைக்கச் சொல்லு" என்றாள் கஸ்தூரி. "பச்சப்புள்ளையைப் பாத்து செங்கல்வராயான்னு கூப்புட்டா தொட்டிலே அறுந்து உழுந்துடும். எங்கண்ணன் பேருதான் வைக்கணும். எங்க ஊட்டுல வேற யாரு கீறாங்க, அவன் பேரைச் சொல்றதுக்கு?"

லோகநாதன் குரலைத் தாழ்த்தினான். "அல்பாயுசுல போனவன் பேரு வேணாம் கஸ்தூரி. என் புள்ளை நல்லா இருக்கணும்னு சொல்றேன். வேற ஒண்ணும் இல்ல."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

லோகநாதனின் அம்மா வடிவு வேறு நடுவில் வந்தாள். "அவுரு பேரைத்தான் வைக்கணும், ஆமா."

"எவுரு பேரு அத்தை? நீயே சொல்லேன் பாப்போம்" என்று அந்தக் கோபத்திலும் கஸ்தூரி சீண்டினாள்.

"ஐய! கட்டுனவரு பேரை என் வாயால எப்டிம்மா சொல்றது?" வடிவு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் எத்திராஜைப் பார்த்து, "நான் கூப்புட மாட்டேன் அண்ணே. ஊரு கூப்புடும்ல? அவுரு போனப்புறமும் அந்தப் பேரு எங்காதுல உழட்டுமேன்னுதான்" என்றாள்.

எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீ ஒரு வார்த்தை சொல்லேன் நைனா. உன் புள்ளை பேருதானே?" என்றாள் கஸ்தூரி.

"பொண்ணு குடுத்த எடத்துல நான் இன்னாம்மா சொல்றது" என்று வாய் சொன்னதே தவிர, மனசு சர்க்கரையாய்க் கரைந்தது. திரும்பும்போது பஸ்ஸில் வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தார். "டேய் சம்பத்து... சம்பத்து கண்ணா, தாத்தாகிட்ட வா..." பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்கு மாறினார்.

கஸ்தூரி சரியாகச் சாப்பிடவில்லை. யாரோடும் பேச்சு இல்லை. பால் குறைந்து குழந்தை அழுதது. ஒருநாள் ஷிஃப்ட் முடிந்த கையோடு லோகநாதன் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டான்.

"மாமா, சம்பத்துன்னே வச்சிடலாம். எங்கம்மாவை நான் சமாளிச்சுக்கறேன். கஸ்தூரி அழுவறதை என்னால பாக்க முடியல."

எத்திராஜ் ஸ்டூலை விட்டு எழுந்தார். அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பெயர் வைக்கிற நாள் வந்தது. தாய்மாமன் குழந்தையை மடியில் வைத்துக் காதில் மூன்று தரம் பெயரைச் சொல்ல வேண்டும், அது அவர்கள் முறை. கஸ்தூரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவனை உட்காரச் சொன்னார்கள். அவள் ஒப்பவில்லை. "எங்கண்ணன் எடத்துல எங்க நைனாதான் குந்தணும்" என்றுவிட்டாள்.

எத்திராஜ் புது வேட்டி கட்டி, பேரனுக்கு வெள்ளிக் காப்போடு போய் இறங்கினார். வாசலில் பந்தல். என்ன பெயர் என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துபோயிருந்தது. லோகநாதனோடு வேலை செய்கிற மனோகரன் சைக்கிளை நிறுத்தும்போதே உரக்கக் கூப்பிட்டான்.

"இன்னா சம்பத் அப்பா! பந்தல்லாம் பலமா கீது?"

"வாப்பா, வா" என்று எத்திராஜ் எழுந்தே விட்டார். ஸ்டாண்டில் எழுந்து எழுந்து பழகின உடம்பு.

பந்தலே சிரித்தது. "உன்னை இல்ல பெரியவரே, குந்து. புது சம்பத் அப்பா அதோ கீறாரு பாரு!" என்று மனோகரன் போய் லோகநாதனின் தோளில் தட்டினான். லோகநாதன் வெட்கத்தோடு சிரித்தான். எத்திராஜும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு உட்கார்ந்தார். ஆனால் கண் மட்டும் லோகநாதன் தோளில் கிடந்த அந்தக் கையிலேயே இருந்தது.

குழந்தையை மடியில் வைத்தார்கள். அந்தப் பால் வாசனையை முகர்ந்தபடி குனிந்தார். இத்தனை நாள் ஒத்திகை பார்த்த பெயர், நாக்கு நுனியில்தான் இருந்தது. நாளைக்கு இவன் நடப்பான், பள்ளிக்கூடம் போவான், நல்லா இருப்பான். சம்பத் என்றால் இவன்தான் என்று ஆகும். ஆகத்தானே வேண்டும்? அப்போது என் மகன்? காரியத்தன்று ஆற்றங்கரையில் அவன் துணியை விட்டாயிற்று, சட்டையை யாரோ போட்டுக் கிழித்தாயிற்று. ஸ்டேஷன் வாசலில் காலையும் மாலையும் நாலு பேர் சத்தம் போட்டுக் கூப்பிடுகிற அந்த ஒன்றுதான் அவனுக்கென்று மீதி இருக்கிறது. அதையும் எடுத்து, என் கையாலேயே எடுத்து...

"சொல்லு நைனா" என்றாள் கஸ்தூரி.

"செங்கல்வராயா" என்றார் எத்திராஜ்.

முதல் தரம் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தரம் கஸ்தூரிக்குக் கேட்டது. மூன்றாம் தரம் அவரே தலையை நிமிர்த்தி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். வடிவு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கி அழுதாள். லோகநாதன் விழித்தான்.

பந்தி நடக்கும்போது கஸ்தூரி அவரைத் தனியாகப் பிடித்தாள்.

"ஏன் நைனா? அவரே ஒத்துக்கினாரே. உனக்கு இன்னா?"

"அவன் பேரு அவங்கிட்டயே இருக்கட்டும்மா."

"அவன் எங்க நைனா கீறான்?"

எத்திராஜ் கையிலிருந்த குழந்தையின் காப்பைச் சரிசெய்தார். குழந்தையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள். அவர் கிளம்பும்போது வாசலுக்கு வரவில்லை. வடிவுதான் வெற்றிலைபாக்குக் கொடுத்து, காலில் விழுந்து கும்பிட்டாள்.

மறுநாள் காலை எத்திராஜ் ஒரு பெரிய பொட்டலம் சாக்லெட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தினமும் வருகிற பாங்க் பியூன் லட்சுமணன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "பேரனுக்கு இன்னா பேரு?" என்றார்.

"செங்கல்வராயன்."

"யப்பா, வாய் நெறைய கீதே! அப்போ இனிமே உன்னை செங்கல்வராயன் தாத்தான்னு கூப்புடணுமா?"

"கூப்புடேன்" என்றார் எத்திராஜ். கொஞ்சம் நிறுத்தி, "அதையும் கூப்புடு" என்றார்.

ரயில் சத்தம் கேட்டது. லட்சுமணன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடினார். பாதிப் படியிலிருந்து குரல் வந்தது.

"சம்பத் அப்பா! பின் சக்கரத்துல காத்து கம்மியா கீது, பாத்துக்கோ!"

"ஆங்... பாத்துக்கறேன் போ!" என்று எத்திராஜ் பதில் குரல் கொடுத்தார். லட்சுமணன் அதற்குள் ரயில் ஏறியிருந்தார்.